நட்சத்திர மூக்கு அகழெலியும் கென்னத் கட்டேனியாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புலனுறுப்புகள் பாடம் தொடங்கும் நாளில் நான் வகுப்பில் ஒரு படம் காட்டுவது வழக்கம். உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, கறுத்து அடர்ந்த ரோமம், மண் தோண்டவென்றே அமைந்தாற்போல் அகன்ற முன்கால்கள், முகத்தின் நுனியில் இளஞ்சிவப்பாக விரிந்த ஒரு நட்சத்திரம். இதுதான் நட்சத்திர மூக்கு அகழெலி, கென்னத் கட்டேனியா பல ஆண்டுகளாக ஆராய்ந்த விலங்கு. பிள்ளைகள் முதலில் முகம் சுளிப்பார்கள். ஐந்து நிமிடம் கழித்து ஒவ்வொருவராகக் கை தூக்குவார்கள். ஆண்டுதோறும் அநேகமாக அதே கேள்விகள்தாம் வருகின்றன. அவற்றையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

யார் இந்த கட்டேனியா?

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியர். நரம்பியல் விஞ்ஞானி. விலங்குகள் உலகை எப்படித் தொட்டும் மோந்தும் அறிகின்றன, அந்த அறிவு மூளையில் எப்படிப் பதிகிறது என்பதுதான் இவர் பல ஆண்டுகளாகத் தேடிவரும் விஷயம். படைப்பாற்றல் மிக்கவர்களுக்கு அமெரிக்காவில் தரப்படும் மெக்கார்தர் நல்கையை 2006-ல் பெற்றார்.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவராக இருந்தபோதே வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவில் ஆய்வு உதவியாளராக வேலை பார்த்தவர். அங்கே அப்போது எழுந்திருந்த கேள்வி, நட்சத்திர மூக்கு அகழெலி தண்ணீருக்குள் இரையின் மின்புலத்தை உணர்கிறதா என்பது. விலங்கு இருந்தால்தானே ஆய்வு? பென்சில்வேனியாவின் சதுப்புகளில் இறங்கி அவற்றைப் பிடித்து வருவது இவர் வேலையானது. பின்னர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் முனைவர் பட்டம் பெற்று, வாண்டர்பில்ட்டில் ஜான் காஸிடம் மூளை வரைபடக் கலையைக் கற்றார். மின்புலக் கருத்துக்கு அவருடைய ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த விலங்கை அவர் விடவில்லை.

அகழெலி எலி வகைதானே?

இல்லை. பெயரில்தான் எலி. மூஞ்சூறும் முள்ளெலியும் சேர்ந்த வரிசையைச் சேர்ந்தது இது. எலி கொறிக்கும், இது பூச்சியும் புழுவும் தின்னும். கனடாவின் கிழக்குப் பகுதியிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் ஈர நிலங்களில் வாழ்கிறது. எடை சுமார் 50 கிராம். குளிர்காலத்தில் உறங்கிக் கிடப்பதில்லை, நீந்தவும் செய்யும்.

அந்த நட்சத்திரம் எதற்கு? மோப்பம் பிடிக்கவா?

எல்லோரும் அப்படித்தான் நினைப்போம். மூக்கில் இருப்பதால் மோப்பத்துக்கு என்று தோன்றுகிறது. உண்மையில் நட்சத்திரத்தின் இதழ்களில் மணம் அறியும் செல் ஒன்றுகூடக் கிடையாது. அது முழுக்க முழுக்கத் தொட்டுப் பார்க்கும் உறுப்பு. நாசித் துளைகள் நடுவில் தனியாக இருக்கின்றன.

பக்கத்துக்கு 11 வீதம் மொத்தம் 22 இதழ்கள். முழு நட்சத்திரமும் குறுக்களவில் ஒரு சென்டிமீட்டர் அளவே, நம் விரல் நுனிக்குள் அடங்கிவிடும். இதழ்களுக்குள் தசை இல்லை. மண்டையோட்டில் பற்றியிருக்கும் தசைகள்தாம் தசைநாண்களால் அவற்றை இழுத்து அசைக்கின்றன. இந்தச் சிறு பரப்பில் 25,000-க்கும் மேற்பட்ட நுண்ணிய குமிழ்கள். ஒவ்வொன்றும் ஓர் 'ஐமர் உறுப்பு'. 1871-ல் தியோடர் ஐமர் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் ஐரோப்பிய அகழெலியின் மூக்கில் இவற்றை விவரித்ததால் அந்தப் பெயர்.

நட்சத்திரத்திலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பிழைகள் 1,00,000-க்கும் மேல். நம் ஒரு கை முழுவதற்கும் தொடுவுணர்வுக்கென்று இருப்பவை சுமார் 17,000. தடவிப் பார்த்தே கொத்தமல்லியையும் சீரகத்தையும் பிரித்துவிடும் நம் கை, விரல் நுனி அளவான இந்த மூக்குக்கு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் ஈடாகும்.

ஒரு ஐமர் உறுப்பை அருகில் பார்த்தால் எப்படி இருக்கும்?

நுண்ணோக்கியில் நட்சத்திரத்தின் தோல் தேன்கூட்டைக் கவிழ்த்து வைத்தாற்போல் இருக்கும். வரிசை வரிசையாகக் குட்டிக் குட்டி மேடுகள். ஒரு மேட்டைக் குறுக்கே வெட்டினால், தோல் செல்கள் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்ட ஒரு தூண் தெரியும். தூணின் உச்சியில், மேல்தோலுக்குச் சற்றே கீழே, நடுவில் ஒரு நரம்பு முனையும் அதைச் சுற்றி வட்டமாகச் சில முனைகளும். தூணின் அடியில் அழுத்தத்தை உணரும் மெர்க்கல் செல். அதற்கும் கீழே அதிர்வை உணரும் அடுக்கடுக்கான ஓர் உருண்டை.

உச்சியில் வட்டமாக நிற்கும் அந்த முனைகள்தாம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு பொருள் மேட்டின் எந்தப் பக்கத்தை அழுத்துகிறதோ அதற்கேற்பச் சில முனைகள் முந்திப் பேசும், சில பிந்தும். ஆயிரக்கணக்கான மேடுகள் ஒரே நேரத்தில் இப்படிச் சொல்லும்போது, பரப்பு சொரசொரப்பா வழவழப்பா, புழுவின் வளையமா வெறும் மண்ணா என்று ஒரே தொடுதலில் தெரிந்துவிடும்.

மூளையில் இதற்கு எவ்வளவு இடம்?

1937-ல் மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டும் அவர் சகாவும் மனித மூளையின் தொடுவுணர்வு வரைபடத்தை வெளியிட்டார்கள். அதில் முதுகுக்குக் கொஞ்சம் இடம், உதட்டுக்கும் கைக்கும் ஏராளமான இடம். உடம்பில் ஓர் உறுப்பு எவ்வளவு பெரியது என்பதை மூளை பார்ப்பதில்லை. அந்த உறுப்பை வைத்து எவ்வளவு நுட்பமாக அறிகிறோம் என்பதைப் பார்த்தே இடம் ஒதுக்குகிறது.

கட்டேனியாவும் காஸும் அகழெலிக்கு இதேபோல வரைபடம் எடுத்தார்கள். மயக்க நிலையில் உள்ள விலங்கின் மூளைப் புறணியில், அதாவது மூளையின் மேலடுக்கில், மயிரிழை போன்ற மின்முனையைச் செருகி, நட்சத்திரத்தின் ஒவ்வோர் இதழாகத் தொட்டு, எந்த இடம் துடிக்கிறது என்று குறித்தார்கள். பிறகு அந்தப் புறணியை அப்பளம்போல் தட்டையாக்கி, செல்களின் உழைப்பைக் காட்டும் ஒரு சாயத்தை ஏற்றினார்கள். கண்ணுக்கு நேராக வந்து நின்றன 11 பட்டைகள், இதழுக்கு ஒன்றாக, அதே வரிசையில். இடப் பக்க இதழ்கள் வல மூளையிலும் வலப் பக்கம் இட மூளையிலும். நட்சத்திரத்தின் வரைபடம் ஒன்றல்ல, மூன்று இருக்கின்றன என்பதும் பின்னால் தெரிந்தது.

அபூர்வமாகச் சில அகழெலிகள் ஒரு பக்கத்தில் 10 அல்லது 12 இதழ்களோடு பிறக்கின்றன. அவற்றின் மூளையைப் பார்த்தபோது பட்டைகளும் 10 அல்லது 12 இருந்தன. எத்தனை பட்டை வேண்டும் என்று மூளை முன்கூட்டியே முடிவு செய்து வைக்கவில்லை. மூக்கு எப்படி வந்ததோ அதைப் பார்த்து மூளை தன்னை அமைத்துக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு முடிவுக்காகவே இந்த விலங்கைப் பாடப்புத்தகத்தில் சேர்க்கலாம் என்பது என் எண்ணம்.

பதினோராவது இதழைப் பற்றி ஏதோ சொல்வார்களே?

வாய்க்கு நேர் மேலே இருக்கும் குட்டி இதழ்தான் பதினோராவது. பார்வைக்கு அற்பமானது. ஆனால் நட்சத்திரத்துக்கென்று மூளையில் உள்ள இடத்தில் கால் பங்கு இதற்கே.

நீங்கள் இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் கண் என்ன செய்கிறது? விழித்திரையின் நடுவில் ஒரு புள்ளிதான் கூர்மையாகப் பார்க்கும். மற்ற இடங்கள் மங்கலாகத்தான் பார்க்கும். அதனால் கண் சொல்லுக்குச் சொல் தாவி, படிக்கவேண்டிய எழுத்தை அந்தப் புள்ளிக்கு நேராகக் கொண்டுவருகிறது. அகழெலியும் அப்படியே. பெரிய இதழ்கள் விநாடிக்குப் பத்துக்கும் மேற்பட்ட முறை மண்ணைத் தட்டித் தட்டித் தேடும். ஏதாவது தட்டுப்பட்டால் நட்சத்திரம் சட்டென்று நகர்ந்து, பதினோராவது இதழால் அதை ஒருமுறை தொட்டுப் பார்க்கும். அதற்குப் பிறகுதான் விழுங்கும்.

கண் செய்யும் வேலையைத் தோல் செய்கிறது. மூளையும் கண்ணுக்குக் கொடுக்கும் அதே சலுகையைத் தோலுக்குக் கொடுத்திருக்கிறது.

உலகிலேயே வேகமாகச் சாப்பிடும் பாலூட்டி என்கிறார்களே, உண்மையா?

2005-ல் கட்டேனியாவும் ஃபியோனா ரெம்பிளும் 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியிட்ட கணக்கு இது. ஓர் இரைத் துணுக்கைத் தொட்டு, தின்னலாமா என்று தீர்மானித்து, தின்று முடிக்கச் சராசரி 227 மில்லிவிநாடி. மிக வேகமானது 120 மில்லிவிநாடி. கண் இமைக்கும் நேரத்தை ஒரு மாத்திரை என்று இலக்கணத்தில் படித்திருப்பீர்கள். அந்த மாத்திரைக்குள் ஒரு வாய் முடிந்துவிடும். வெறும் கண்ணால் பார்த்தால் மூக்கு மங்கலாக அதிர்வது மட்டுமே தெரியும். அதிவேக கேமராவில் எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தபோதுதான் இத்தனையும் வெளிப்பட்டது.

அந்தப் படங்களில் இன்னொன்றும் தெரிந்தது. நட்சத்திரம் சில சமயம் இரையைத் தொட்டுவிட்டு அதைத் தாண்டிப் போய்விடும். உடனே திரும்பி வரும். தொட்ட செய்தி மூளைக்குப் போய்த் தீர்மானமாகித் திரும்புவதற்குள் மூக்கு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. நரம்பு ஓடக்கூடிய வேகத்தின் எல்லையையே இந்த விலங்கு தொட்டுவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அத்தனை அவசரம் எதற்கு?

கோழி குருணை பொறுக்குவதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு குருணையில் என்ன கிடைத்துவிடும்? ஆனால் ஒரு கொத்துக்கு நேரமே ஆகாததால் குருணை கோழிக்குக் கட்டுபடியாகிறது. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து யோசித்துத் தின்றால் பட்டினிதான்.

சதுப்பு நிலச் சேற்றில் கடுகளவு பூச்சிப் புழுக்கள் ஏராளம். மற்ற அகழெலிகள் அவற்றைச் சீண்டுவதில்லை, ஏனென்றால் அவற்றுக்கு ஒரு துணுக்கைக் கையாள ஆகும் நேரத்துக்கு அதில் லாபம் இல்லை. நட்சத்திர மூக்கு அந்த நேரத்தைக் கிட்டத்தட்ட இல்லாமலே ஆக்கிவிட்டது. பிறர் விட்டுவைத்த களஞ்சியம் இதற்குச் சொந்தமாயிற்று. முன்பற்களும் அதற்கேற்றபடி சாமணம்போல் மெலிந்து, துணுக்குகளைப் பொறுக்க வசதியாக இருக்கின்றன.

தண்ணீருக்குள் மோப்பம் பிடிக்க முடியுமா?

முடியாது என்றுதான் வெகுகாலம் சொல்லப்பட்டது. பாலூட்டிக்கு மணம் காற்றின் வழியாகத்தான் வரவேண்டும். தண்ணீரை உறிஞ்சினால் மூச்சு முட்டும். நீரிலேயே வாழப்போன டால்பின் போன்றவை மூளையில் மோப்பத்துக்கான குமிழையே இழந்துவிட்டன. அதனால் யாரும் தேடிப் பார்க்கவில்லை.

கட்டேனியா தன் அகழெலிகள் கண்ணாடித் தொட்டியில் நீந்தி இரை தேடுவதைக் கீழிருந்து அதிவேக கேமராவில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நட்சத்திரத்தின் நடுவிலிருந்து ஒரு காற்றுக்குமிழி வெளியே வருகிறது. அடியில் கிடக்கும் பொருளின் மேல் அது பரவி ஒட்டுகிறது. ஆனால் மேலே மிதந்து போகவில்லை. அதே குமிழி மறுபடி நாசிக்குள் போய்விடுகிறது. மீண்டும் வெளியே, மீண்டும் உள்ளே. எலிகள் தரையில் மூக்கை 'சுர் சுர்' என்று இழுத்து மோப்பம் பிடிக்கும் அதே தாளம்.

பொருளைத் தொட்ட குமிழியில் அதன் மணம் ஏறியிருக்கும், அதை உள்ளே இழுத்தால் மோப்பமாகிவிடும் என்று அவர் ஊகித்தார். ஊகம் போதாதே! தண்ணீருக்கு அடியில் மண்புழு, மீன் மணங்களால் ஒரு தடம் போட்டார். விலங்கு அந்தத் தடத்தைச் சரியாகப் பின்தொடர்ந்து இரையை அடைந்தது. ஆனால் நட்சத்திரத்தால் தடவிக் கண்டுபிடித்திருக்கலாம் அல்லவா? தடத்தின் மேல் ஒரு கம்பிவலையை வைத்தார். குமிழி போகும், நட்சத்திரம் போகாது. அப்போதும் பின்தொடர்ந்தது. பிறகு குமிழியும் போகமுடியாத மெல்லிய வலையை மாற்றினார். விலங்கு வழி தெரியாமல் தடுமாறியது, குத்துமதிப்பாகப் போவதற்கு மேல் ஒன்றும் முடியவில்லை. நீர் மூஞ்சூறு என்ற இன்னொரு விலங்கும் இதையே செய்வதைக் கண்டார். 2006 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் இது வெளிவந்தது.

இரண்டு வலைகள், ஒரு தடம், ஒரு கேமரா. பள்ளி ஆய்வகத்தில் சோதனை என்றால் விலையுயர்ந்த கருவி வேண்டும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். அவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்தச் சோதனையைத்தான். கேள்வியைச் சரியாகப் பிரித்தால் கம்பிவலையே கருவி.

மணம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று விலங்குக்கு எப்படித் தெரிகிறது?

இரண்டு காதுகளால் ஒலியின் திசையை அறிகிறோம். இரண்டு நாசிகளும் அப்படி வேலை செய்யுமா என்பதில் விஞ்ஞானிகளுக்கு வெகுநாள் சந்தேகம். நாசித் துளைகள் அத்தனை நெருக்கமாக இருக்கின்றனவே!

இதில் நமக்குப் பக்கத்திலேயே நடந்த வேலை உண்டு. பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் உபிந்தர் பல்லாவும் அவர் குழுவும் 2006-ல் எலிகளை வைத்துச் சோதித்தார்கள். மணம் இடமா வலமா என்பதை எலி ஓரிரண்டு மோப்பத்திலேயே சொல்லிவிடுகிறது, இரு நாசிகளும் திறந்திருந்தால். ஒன்றை அடைத்தால் திணறுகிறது.

கட்டேனியா 2013-ல் வேறோர் அகழெலியை எடுத்தார். வட அமெரிக்காவின் கிழக்கே தோட்டங்களைத் தோண்டும் சாதாரண அகழெலி. நட்சத்திரம் இல்லை, கண் தோலால் மூடியிருக்கும். அரைவட்டமாக 15 குழிகள் அமைத்து, ஒன்றில் மட்டும் மண்புழுத் துண்டு. விலங்கு உள்ளே வந்து மூக்கை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு, ஐந்து விநாடிக்குள் நேராக அந்தக் குழிக்குப் போய்விட்டது. இடது நாசியை அடைத்தபோது வலப்பக்கமாக ஒதுங்கிப் போயிற்று, வலதை அடைத்தபோது இடப்பக்கமாக. இரண்டிலும் சுற்றிவந்து கடைசியில் இரையைக் கண்டது. கடைசியாக, இரு நாசிகளிலும் சிறு குழாய்களைக் குறுக்காகப் பொருத்தி, வலக்காற்று இடநாசிக்கும் இடக்காற்று வலநாசிக்கும் போகும்படி செய்தார். விலங்கு குழம்பிப்போய் முன்னும் பின்னும் அலைந்தது, பல முறை இரையைத் தவறவிட்டது.

தூரத்தில் இருக்கும்போது மூக்கை நகர்த்தி ஒரு மோப்பத்தை அடுத்த மோப்பத்தோடு ஒப்பிடுகிறது, கிட்டே வந்ததும் இரு நாசிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறது என்பது அவர் முடிவு.

மனிதர்களால் முடியுமா?

ஓரளவு முடியும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நோம் சோபெல் குழுவினர் மாணவர்களின் கண்ணைக் கட்டி, காதை அடைத்து, புல்வெளியில் மண்டியிட்டுத் தவழச் சொன்னார்கள். புல்லில் சாக்லேட் மணம் ஏற்றிய 10 மீட்டர் கயிறு. 32 பேரில் 21 பேர் அந்தத் தடத்தை மூக்கால் பிடித்துப் போனார்கள். ஒரு நாசியை அடைத்தால் திறமை குறைந்தது. பழகப் பழக வேகம் கூடியது.

மண்புழுக்களை மேலே வரவழைக்கும் கதை என்ன?

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், குறிப்பாக ஃபுளோரிடாவின் சோப்சாப்பி ஊர்ப்பக்கம், தூண்டில் இரைக்காக மண்புழு சேகரிக்கும் பரம்பரைத் தொழில் ஒன்று இருக்கிறது. காட்டுக்குள் போய் ஒரு மர முளையை நிலத்தில் அடிப்பார்கள். அதன் தலையில் ஒரு கனமான இரும்புப் பட்டையைத் தேய்ப்பார்கள். தவளை கத்துவது போன்ற ஓர் உறுமல் கிளம்பி மண் அதிரும். சற்று நேரத்தில் சுற்றிலும் மண்புழுக்கள் வெளியே வந்து தரையில் ஓடும், வாளியில் அள்ளிக்கொள்ளலாம்.

ஏன் வெளியே வருகின்றன? தொழில் செய்பவர்களுக்குக் காரணம் தேவைப்படவில்லை. அகழெலி துரத்துவதாக எண்ணிப் புழு தப்பி ஓடுகிறது என்று 1881-லேயே டார்வின் குறிப்பிட்டிருந்தார். கட்டேனியா 2008-ல் ஃபுளோரிடாவின் அப்பலாச்சிகோலா காட்டுக்கே போய் அதைச் சோதித்தார். அகழெலி தோண்டும்போது எழும் அதிர்வையும் முளையின் அதிர்வையும் பதிவு செய்து ஒப்பிட்டார், இரண்டும் ஒத்துப்போயின. மண் நிரப்பிய தொட்டியில் புழுக்களை விட்டு ஓர் அகழெலியையும் விட்டபோது, புழுக்கள் அவசர அவசரமாக மேலே வந்தன. அகழெலி மண்ணுக்கு மேலே துரத்தி வராது என்பதால் அது அவற்றுக்கு நல்ல தப்பிப்பு. மனிதர்கள் தங்களுக்குத் தெரியாமலே, தலைமுறை தலைமுறையாக, ஒரு வேட்டை விலங்கின் காலடி ஓசையைப் போலி செய்து வந்திருக்கிறார்கள்.

தொடுவுணர்வு என்றால் தோலில் விரல் படுவது மட்டும் என்று நினைக்கிறோம். கண்ணும் காதும் இல்லாத புழுவுக்கு மண்ணின் நடுக்கமே செய்தி.

வேறு எந்த விலங்குகளை ஆராய்ந்திருக்கிறார்?

நிறைய. சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஆப்பிரிக்காவில் நிலத்தடியில் கூட்டமாக வாழும் ரோமமற்ற வளை எலி பற்களால் மண்ணைத் தோண்டும். அதன் தொடுவுணர்வுப் புறணியில் ஏறத்தாழ 31 விழுக்காடு வெட்டுப்பற்களுக்கே ஒதுக்கப்பட்டிருப்பதை 2002-ல் காட்டினார்கள். கடிக்க மட்டும் என்று நாம் நினைக்கும் பல், அந்த எலிக்கு விரலாகவும் இருக்கிறது.

தென்கிழக்கு ஆசியாவில் மூக்கில் இரண்டு கொம்பு முளைத்த ஒரு நீர்ப்பாம்பு உண்டு. அந்தக் கொம்புகள் நீரின் அசைவை உணர்பவை. பாம்பு 'ட' வடிவில் வளைந்து காத்திருக்கும். மீன் அருகில் வந்ததும் உடம்பின் நடுப்பகுதியை லேசாகச் சிலுப்பும். மிரண்ட மீன் உடம்புக்கு எதிர்ப்பக்கம் பாயும், அங்கே பாம்பின் வாய் இருக்கும்.

மின்சார விலாங்கு பற்றிய வேலை தனிக்கட்டுரைக்கு உரியது. இரையின் தசைகளைத் தொலைவிலிருந்தே துடிக்கவைத்து அதன் ஒளிவிடத்தை அது அறிகிறது என்பதை 2014-ல் வெளியிட்டார்.

முதலையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நீங்களே போய்ப் பார்க்கலாம். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலைப் பண்ணைக்குப் போனால், கரையில் வாயைப் பிளந்து கிடக்கும் சதுப்பு முதலையின் தாடையை உற்றுப் பாருங்கள். மிளகைத் தூவினாற்போல் கறுத்த புள்ளிகள். அவை அழுக்கல்ல. ஒவ்வொன்றும் ஒரு தொடுவுணர்வு மேடு. டங்கன் லீச்சும் கட்டேனியாவும் 2012-ல் முதலைகளிலும் அலிகேட்டர்களிலும் இவற்றை அளந்தபோது, இவை நம் விரல் நுனியைவிட நுட்பமானவை என்று தெரிந்தது. கட்டையைப் போன்ற தோல் என்று நாம் சொல்லும் முகம், நீர்ப்பரப்பில் ஒரு துளி விழுந்தால் உணர்ந்து திரும்பும். எலும்பை நொறுக்கும் அதே தாடையால் தாய் தன் குஞ்சுகளைக் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோவதையும் இப்போது புரிந்துகொள்ளலாம்.

இந்த ஆய்வுகளில் விலங்குகள் துன்புறுத்தப்படுகின்றனவா?

இந்தக் கேள்வி வராத வகுப்பில்லை, வரவும் வேண்டும். நடத்தைச் சோதனைகளில் விலங்கு இரை தேடுகிறது, கேமரா பார்க்கிறது, அவ்வளவே. மூளை வரைபடம் அப்படியல்ல. அதற்கு விலங்கை மயக்க வேண்டும், முடிவில் அது உயிரோடு எழுவதில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் பல்கலைக்கழகத்தின் விலங்கு நலக் குழு ஒப்புதல் தரவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அந்தப் 11 பட்டைகளின் படத்தை வகுப்பில் காட்டும்போது, அது எந்த விலையில் கிடைத்தது என்பதையும் நான் சொல்லிவிடுவேன். சொல்லாமல் காட்டுவது சரியல்ல.

இதனால் மனிதருக்கு என்ன பயன்?

நேரடி மருந்து எதுவும் இதிலிருந்து வரவில்லை. தொடுவுணர்வு எந்தப் புரதங்களால் நடக்கிறது என்பது இன்னும் முழுதாக அறியப்படாத துறை. அழுத்தத்தை உணரும் புரதங்களைக் கண்டுபிடித்த ஆர்டெம் பட்டாபூட்டியனுக்கு 2021-ல்தான் நோபல் பரிசு கிடைத்தது, டேவிட் ஜூலியஸோடு சேர்த்து. தொடு நரம்புகள் அளவுக்கு மீறிக் குவிந்திருக்கும் நட்சத்திர மூக்கு, அந்தத் தேடலுக்கு நல்ல இடம் என்று மூலக்கூறு ஆய்வாளர்களும் இதைத் தேடி வருகிறார்கள்.

ஆனால் பயனை மட்டும் வைத்து இதை நிறுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆய்வகங்களில் எலியும் சுண்டெலியும் போதும் என்ற காலத்தில், சேற்றில் இறங்கி ஒரு விலங்கைப் பிடித்து வந்து, அதற்கு என்ன தெரிகிறது என்று அதனிடமே கேட்டார் ஒருவர். எலியிடமும் சுண்டெலியிடமும் மட்டுமே கேட்டிருந்தால் குமிழி மோப்பம் தெரிந்திருக்காது.

நம்மூரில் இப்படிப்பட்ட விலங்கு உண்டா?

தமிழ்நாட்டில் அகழெலி இல்லை. சொந்தக்காரர்கள் உண்டு. தென் மாவட்டங்களின் வறண்ட காடுகளில் முள்ளெலி இருக்கிறது, அதைப் பார்ப்பது இப்போது அரிதாகிவிட்டது. மூஞ்சூறு வீட்டுக்கு வீடு. பிள்ளையார் காலடியில் வைத்து வணங்குகிறோம், அடுக்களையில் கண்டால் துடைப்பத்தை எடுக்கிறோம்.

மூஞ்சூறின் சிற்றினத்துக்கு நெருங்கிய எட்ரூஸ்கன் மூஞ்சூறு, 2 கிராம் எடையே உள்ளது, இந்தியாவிலும் வாழ்கிறது. பெர்லினில் மைக்கேல் பிரெக்ட் குழுவினர் அது சில்வண்டு பிடிப்பதை ஆராய்ந்தார்கள். இருட்டில், மீசை மயிர் பட்ட மாத்திரத்தில் வடிவத்தை அறிந்து பாய்கிறது. பிளாஸ்டிக்கில் செய்த சில்வண்டின்மேலும் பாய்ந்தது. மீசையைக் கத்தரித்தால் வேட்டை தடுமாறியது.

உங்கள் வீட்டு மூஞ்சூறைப் பார்க்க ஆசையிருந்தால், டார்ச்சின்மேல் சிவப்புக் கண்ணாடித் தாளை ஒட்டிக்கொண்டு, இரவு விளக்கணைத்தபின் அடுக்களை வாசலில் சத்தமில்லாமல் உட்காருங்கள். அது நடுத்தரையில் வராது. சுவரோரமாக, ஒரு பக்க மீசை சுவரில் உரசியபடியே வரும். நீண்ட மூக்கு ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். சிந்திக் கிடக்கும் ஒரு சோற்றுப் பருக்கைக்கு முன்னால் நின்று, மூக்கை அதன் இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை கொண்டுபோகும். உங்கள் கையில் போன் இருந்தால் மெதுவோட்ட வீடியோவில் எடுத்து வையுங்கள்.